அருங்காட்சியகமும் கரியமில வாயுவும்: தில்லிக்குத் திருவனந்தபுரம் சொல்லும் பாடம்

புது தில்லி: நாட்டின் நிகர கரியமில வாயு வெளியேற்றத்தை 2070-ம் ஆண்டுக்குள் பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அந்த அறிவிப்புக்குச் சட்ட வடிவம் தரும் முயற்சிகளில் ஒன்றாக 2022-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்த மின் தேவை கொண்ட கட்டடங்கள், எரிசக்திச் சேமிப்பு மற்றும் நீடித்த கட்டட விதித் தொகுப்பின் கீழ் வரும் என்பது அச்சட்டத்தின் சாரம்.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் அரசே கட்டும் பொதுக் கட்டடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தெளிவு பிறக்கவில்லை. அலுவலகங்களையும் வணிக வளாகங்களையும்விட இந்தக் கேள்வி கூர்மையாக எழுவது அருங்காட்சியகங்களில்தான். அலுவலகத்தின் குளிர்சாதன இயந்திரத்தை மாலையில் நிறுத்திவிடலாம். அருங்காட்சியகத்தில் இரவிலும் விடுமுறை நாளிலும் அது ஓட வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக நிலவும் எண்ணம். மனிதர்கள் வெளியேறிய பிறகும் ஓவியமும் மரச்சிற்பமும் தந்த வேலைப்பாடும் உள்ளேயே இருக்கின்றன அல்லவா?

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஓர் அருங்காட்சியகத்தின் குளிர்சாதன அமைப்பு சராசரியாக 50 கிலோவாட் மின்சாரத்தை இரவு பகலாக இழுப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 4 லட்சத்து 38 ஆயிரம் யூனிட் செலவாகும். நாட்டின் மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதன்படி அந்த ஒரே கட்டடத்தின் பங்கு ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல். 50 ஆண்டுகளில் அது 15 ஆயிரம் டன்னைத் தாண்டும்.

இந்தக் கணக்கை மாற்ற முடியுமா என்பதற்கான சான்று தில்லியில் இல்லை. திருவனந்தபுரத்தின் நடுவில் இருக்கிறது.

சென்னையிலிருந்து போன சிற்பி: திருவனந்தபுரம் அருங்காட்சியகம் 1855-ல் தோற்றுவிக்கப்பட்டது. உத்திரம் திருநாள் மகாராஜா அதன் புரவலர். பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லன் அதற்கு முன்முயற்சி எடுத்தார். வானியலாளர் ஜான் ஆலன் பிரவுன் செயலராக இருந்தார். பின்னர் பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, ஆயில்யம் திருநாள் காலத்தில் புதிய கட்டடம் எழும்பி 1880-ல் நிறைவடைந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இதை வடிவமைத்தவர் சென்னை அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஃபெலோஸ் சிஸம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை எழுப்பியவரும் இவரே. சென்னையில் குவிமாடங்களையும் வளைவுகளையும் கையாண்ட சிஸம், திருவாங்கூருக்கு வந்தபோது உள்ளூர்த் தச்சர்களின் கூரைகளைக் கவனித்தார். செங்குத்தாகச் சரியும் ஓட்டுக் கூரை, முன்புறம் நீட்டிய முகப்பு, காற்று புகும் மரச்சட்டங்கள் ஆகியவற்றைத் தம் வடிவமைப்பின் அடிப்படையாக்கிக்கொண்டார்.

அந்த மரபின் மிகச்சிறந்த எடுத்துக்காட்டான பத்மநாபபுரம் அரண்மனை இன்று தமிழகத்தில் உள்ளது. 1956-ல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் தொடர்கிறது. ஆகவே நேப்பியர் அருங்காட்சியகம் கற்றுத்தரும் பாடம் எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்களுக்குச் சொந்தமானது.

காற்றுக்கு வழி: திருவனந்தபுரத்தின் தட்பவெப்பத்தை அறிந்தால்தான் அந்தக் கட்டடத்தின் அருமை புரியும். நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரி வடக்கே உள்ளது. சூரியன் ஆண்டின் பெரும்பகுதி உச்சியிலேயே நிற்பதால் வெப்பத்தைச் சுவரைவிடக் கூரையே அதிகம் வாங்குகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை பெய்கிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு குறைவு. ராஜஸ்தானத்தில் பலன் தரும் தடித்த சுவர் மட்டும் இங்கே போதாது. பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் வெளியேற்ற இரவு போதிய அளவு குளிர்வதில்லை.

எனவே இங்கே வேலை செய்ய வேண்டியவை மூன்று: நிழல், உயரம், காற்றோட்டம். உயர்ந்த கூரையின் கீழ் சூடான காற்று மேலே போகிறது. மேலே உள்ள திறப்புகள் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக் காற்று வருகிறது. நீண்ட இறவாரம் வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுக்கிறது. கட்டடத்தைச் சுற்றியுள்ள மரங்கள் உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே குளிர்விக்கின்றன. மின்விசிறிகூட இல்லாத காலத்தில் கட்டப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தை, இயற்கையான குளிர்சாதன வசதி கொண்ட கட்டடம் என்று இன்றும் வழிகாட்டிகள் வருணிப்பது இதனால்தான்.

ஆனால், பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. காற்றோட்டம் பார்வையாளருக்கு இதமளிக்கும். அரும்பொருளுக்கு அதே இதத்தை அளிக்கும் என்று சொல்ல இயலாது. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை படரத் தொடங்கும். மழைக்காலத் திருவனந்தபுரத்தில் ஈரப்பதம் இதைவிட மிக அதிகம். செப்புத் திருமேனிகளில் குளோரைடு உப்பு இருந்தால் ஈரக்காற்று பச்சை நோயாக அரிக்கும். தந்தமும் மரமும் ஈரத்தில் விரிந்து வறட்சியில் சுருங்கிப் பிளவுபடும். எண்ணெய் ஓவியத்தில் வண்ணப்பூச்சு செதில் செதிலாக எழும். இவை எல்லாமே நேப்பியர் வளாகத்தில் இருக்கும் பொருள்கள். அங்கே 1935-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீசித்ரா கலைக்கூடமும், 2023-ல் திறக்கப்பட்ட ராஜா ரவிவர்மா கலைக்கூடமும் உள்ளன. சிஸம் கட்டிய கட்டடத்தை அப்படியே நகலெடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று யாரும் கூற மாட்டார்கள்.

சுரங்கம் தந்த விதி: இங்கே இன்னொரு வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள், குண்டுவீச்சுக்கு அஞ்சி 1941-ல் வேல்ஸ் பகுதியின் மலைச் சுரங்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே ஈரப்பதம் மாறாமல் ஒரே சீராக வைக்கப்பட்டது. ஓவியங்களில் வண்ணம் உரிவது ஏறக்குறைய நின்றுபோனதைப் பாதுகாவலர்கள் கண்டனர். ஈரப்பதம் மாறாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற கொள்கை அங்கிருந்து வலுப்பெற்றது. கேரி தாம்சன் 1978-ல் வெளியிட்ட அருங்காட்சியகச் சூழல் பற்றிய நூல் அதை எண்களாக வகுத்துத் தந்தது. வழிகாட்டியாகச் சொல்லப்பட்ட எண்கள் நாளடைவில் வேதவாக்காகின. இரவல் ஒப்பந்தங்களும் காப்பீட்டு நிபந்தனைகளும் அவற்றையே கேட்டன. வெப்ப நாடுகளில் கண்ணாடியால் மூடிய, எந்நேரமும் இயந்திரம் ஓடும் அருங்காட்சியகங்கள் பெருக இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர்களின் சர்வதேச அமைப்புகள் 2014-ல் வெளியிட்ட பிரகடனம், உள்ளூர்த் தட்பவெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. உலகின் பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் அடங்கிய பிஸோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் 16 முதல் 25 டிகிரி வெப்பநிலையும் போதும் என்று வரம்பை அகலமாக்கியது. டென்மார்க்கில் உள்ள சில சேமிப்புக் கிடங்குகள் ஈரத்தை மட்டும் உறிஞ்சும் கருவிகளைக் கொண்டே இயங்குகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் விடை எளிமையானது. முழுக் கட்டடத்தையும் குளிர்விக்க வேண்டிய அவசியமில்லை. கல்லும் சுடுமண்ணும் இருக்கும் கூடங்களுக்கு நிழலும் காற்றும் போதும். செப்புத் திருமேனிகளை ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த, காற்றுப் புகாத கண்ணாடிப் பேழைக்குள் காக்கலாம். ஓவியங்களுக்கும் ஓலைச்சுவடிகளுக்கும் கட்டடத்தின் நடுவே, வெளிச்சுவர் படாத சிறிய அறைகளில் ஈரக்கட்டுப்பாடு செய்யலாம். பார்வையாளர் நடக்கும் வழி, படிக்கட்டு, உணவகம், நுழைவு மண்டபம் ஆகியவை திறந்தே இருக்கலாம். பேழையைக் காக்க மாளிகையைக் குளிரூட்டுவது தேவையற்ற செலவு.

பாதுகாப்பு நோக்கிலும் இது சிந்திக்கத்தக்கது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் இருந்த தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பரில் தீக்கிரையானது. சுமார் 2 கோடி பொருள்கள் கொண்ட அந்தத் திரட்டின் பெரும்பகுதி அழிந்தது. தீ ஒரு குளிர்சாதன இயந்திரத்தில் தொடங்கியது என்பது அந்நாட்டுக் காவல் துறையின் முடிவு. பொருள்களைக் காப்பதற்காக வைக்கும் இயந்திரமே ஆபத்தாகவும் மாறக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை. தில்லியிலும் 2016 ஏப்ரலில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்துபோனதை மறக்க முடியாது.

நகர மையத்தின் சிக்கல்: நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு வாய்த்த பேறு அதைச் சூழ்ந்த தோட்டமும் உயிரியல் பூங்காவும். நகரின் நடுவே இன்று அப்படி ஓர் இடம் எந்த அரசுக்கும் கிடைக்காது. கிடைக்கும் இடம் குறுகலானது; சாலையின் இரைச்சலும் புழுதியும் வாகனப் புகையும் சன்னலைத் திறக்கவிடாது. ஆகவே மூடிய கட்டடம்தான் ஒரே வழி என்று வாதிடுவோர் உண்டு.

அதற்கும் திருவனந்தபுரத்தில் விடை இருக்கிறது. தம்பானூர் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் சுருள் வடிவில் நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் அது. 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்தியாவில் குடியேறி, 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கர் வடிவமைத்தது. கைப்பிடி அளவு நிலத்தில், நடுத்தூணைச் சுற்றிச் சரிவுப்பாதை ஏறிக்கொண்டே போகிறது. வெளிச்சுவர் முழுவதும் செங்கல் இடைவெளிகள். வெயிலைத் தடுத்துக் காற்றையும் மென்மையான வெளிச்சத்தையும் உள்ளே விடும் சல்லடைச் சுவர் அது. நகரின் மிக நெரிசலான மூலையில், நாள் முழுவதும் கூட்டம் வந்துபோகும் இடத்தில், அந்தச் சுவர் வேலை செய்கிறது. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்திலும் பார்வையாளர் சுருள் சரிவில்தான் நடக்கிறார். காபிக் கடைக்குப் பொருந்திய வடிவம் கலைக்கூடத்துக்குப் பொருந்தாது என்று சொல்வதற்கில்லை. புழுதிக்கு அஞ்ச வேண்டிய பொருள்களுக்குப் பேழை இருக்கிறது.

கட்டுமானத்தின் கணக்கு: மின்சாரம் ஒரு பாதி, கட்டுமானப் பொருள் மறு பாதி. உலகின் எரிசக்தி சார்ந்த கரியமில வாயு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் கட்டடங்களும் கட்டுமானமும் சேர்ந்து காரணமாகின்றன. சிமென்ட் ஆலைகளின் பங்கு மட்டும் 7 முதல் 8 சதவீதம். ஒரு டன் கிளிங்கர் தயாராகும்போது, எரிபொருளைச் சேர்க்காமல், சுண்ணாம்புக் கல் சிதைவதால் மட்டுமே அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளிப்படுகிறது. கட்டடம் திறப்பு விழா காணும் முன்பே இந்தக் கடன் ஏறிவிடுகிறது. கூரையில் எத்தனை சூரிய மின் தகடுகள் பதித்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

பேக்கரின் பணி இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. அருகில் கிடைக்கும் பொருளைக் கொண்டே கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்து தம்மை வழிநடத்தியதாக அவர் சொல்லி வந்தார். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் கேட்டுக்கொண்டதன்பேரில் 1970-களில் உள்ளூரில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அதற்குச் சாட்சி. செங்கற்களை நிமிர்த்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையில் கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. மேல்தளத்தில் கான்கிரீட் வேலை செய்யாத பகுதிகளில் பழைய ஓடுகளைப் பொதிப்பதால் சிமென்ட் குறைகிறது. முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், ராஜ் போன்றோருடன் சேர்ந்து 1985-ல் பேக்கர் உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் இந்த முறைகளைப் பரப்பியது. அவர் காலத்தில் இது ஏழைகளுக்கான மலிவு வீட்டுத் தொழில்நுட்பம் என்று அழைக்கப்பட்டது. கரியமில வாயு பற்றிய பேச்சு எழாத காலத்திலேயே அதைக் குறைத்த தொழில்நுட்பம் என்று இன்று அதை அழைக்கலாம்.

புதிய அறிவியலும் துணைக்கு வந்துள்ளது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் கலந்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட்டை சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களுடன் தில்லி, சென்னை ஐஐடிகள் சேர்ந்து உருவாக்கின. 2023-ல் இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் வெளியானது. வழக்கமான சிமென்ட்டைவிட 30 முதல் 40 சதவீதம் வரை கரியமில வாயு குறையும். இதற்குத் தேவைப்படும் வகைக் களிமண் திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னக்கல் பகுதியிலேயே உண்டு.

தமிழகத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்போருக்கும் பதில் இருக்கிறது. கேரளத்தின் கட்டுமானங்களுக்கான கல்லும் எம்-சாண்டும் கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் குவாரிகளிலிருந்து செல்கின்றன. பிரதமர் 2025 மே 2-ல் நாட்டுக்கு அர்ப்பணித்த விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கும் தமிழக மலைகள் கல் கொடுத்தன. கனரக லாரிகளுக்கு எதிராகக் குமரி மாவட்டத்தில் எழுந்த குரல்கள் அனைவரும் அறிந்தவை. திருவனந்தபுரத்தில் ஒரு கட்டடம் குறைந்த கான்கிரீட்டில் எழுமானால், அதன் பலன் ஆரல்வாய்மொழிக்கு இப்புறமும் தெரியும்.

கட்டாமல் இருப்பதும் ஒரு வழி: மிகக் குறைந்த கரியமில வாயுவை வெளியிடும் கட்டடம் ஏற்கெனவே நிற்கும் கட்டடம்தான். நேப்பியர் வளாகத்துக்கு எதிரே, நூறாண்டு கடந்த ஒரு கட்டடத்தில் கேரள வரலாற்றுப் பாரம்பரிய அருங்காட்சியகம் இயங்குகிறது. கோட்டைப் பகுதியில் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை அரண்மனை அருங்காட்சியகமாகியுள்ளது. பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகளில் 2011-ல் வெளிப்பட்ட செல்வங்களைக் காட்சிக்கு வைக்க ஓர் அருங்காட்சியகம் அமைக்கலாம் என்ற யோசனை பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. பக்தர்களின் உணர்வும் பாதுகாப்பும் கலந்த அந்த விஷயத்தில் முடிவு எதுவாக இருந்தாலும், என்றாவது அது செயல்வடிவம் பெற்றால் கோட்டைக்குள் புதிய கண்ணாடி மாளிகை எழுமா, பழைய ஓட்டுக் கூரைகளே புத்துயிர் பெறுமா என்பது முக்கியமான கேள்வியாக இருக்கும்.

தலைநகரமும் இதே கேள்வியை எதிர்கொள்கிறது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த வடக்கு, தெற்கு பிளாக்குகளை 'யுகே யுகீன் பாரத்' என்ற தேசிய அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தைப் பிரதமர் 2023-ல் அறிவித்தார். 1.17 லட்சம் சதுர மீட்டர் பரப்பு, 950 அறைகள் என்று அப்போது கூறப்பட்டது. 2024 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டு அமைப்புடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது. பழைய கட்டடங்களை இடிக்காமல் பயன்படுத்துவது வரவேற்கத்தக்கது. ஆனால், தடித்த கற்சுவர்களும் உயர்ந்த கூரைகளும் முற்றங்களும் கொண்ட அந்த 950 அறைகளையும் இயந்திரத்தால் குளிர்விப்பதா, தேவையானவற்றை மட்டுமா என்பதில்தான் அதன் எதிர்கால மின் கட்டணமும் கரியமில வாயுக் கணக்கும் அடங்கியுள்ளன. ஒரு பேக்கரின் கட்டடத்துக்கு இன்னொரு பேக்கரின் சிந்தனை தேவைப்படுகிறது.

விதிகளில் உள்ள ஓட்டை: 2022 திருத்தச் சட்டத்தின் அளவுகோல் மின்சுமையாகும். அதிகம் செலவிடும் கட்டடம் சற்றுக் குறைத்துக்கொண்டால் விதியை நிறைவேற்றியதாகும். தொடக்கம் முதலே இயந்திரம் தேவைப்படாதபடி வடிவமைக்கப்பட்ட கட்டடம் 100 கிலோவாட் வரம்புக்குக் கீழே நின்றுவிடுவதால் விதியின் கண்ணிலேயே படுவதில்லை. தண்டனை இல்லை; பாராட்டும் இல்லை. மானியம், முன்னுரிமை, சான்றிதழ் எல்லாம் இயந்திரங்களின் திறனைச் சுற்றியே அமைந்தால், சிஸமின் கூரைக்கும் லாரி பேக்கரின் சுவருக்கும் மதிப்பெண் எங்கிருந்து கிடைக்கும்?

ஒப்பந்த முறையும் இதற்குத் துணைபோகிறது. கட்டடச் செலவில் குறிப்பிட்ட சதவீதம் வடிவமைப்பாளருக்குக் கட்டணம் என்பது பரவலான வழக்கம். செலவைக் குறைப்பவர் தம் வருமானத்தையே குறைத்துக்கொள்கிறார். கட்டுவதற்கான நிதி ஒரு தலைப்பிலும் மின் கட்டணத்துக்கான நிதி இன்னொரு தலைப்பிலும் வருவதால், இன்று மிச்சப்படுத்தியதாகக் காட்டி நாளை பன்மடங்கு செலவிடுவது எவர் கணக்கிலும் பதிவாவதில்லை. திறப்பு விழாவின் பளபளப்பு அமைச்சருக்கு; மின் கட்டணம் பின்னால் வரும் கண்காணிப்பாளருக்கு.

இதன் சுமை மாநிலத்தின் மீதே விழும். 2024 கோடையில் கேரளத்தின் உச்ச மின் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டிப் புதிய உச்சத்தைத் தொட்டது. தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் அது. 2050-க்குள் கரியமில வாயுச் சமநிலையை அடைவோம் என்றும் அம்மாநில அரசு அறிவித்துள்ளது. வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி 2016-லேயே அந்தப் பாதையில் இறங்கியது. கொச்சி விமான நிலையம் 2015 முதல் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. ஊராட்சியும் விமான நிலையமும் செய்ததைத் தலைநகரின் கலைக்கூடங்கள் செய்யக் கூடாதா?

தமிழகத்துக்கும் இது பொருந்தும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றங்களோடு எழுந்தது. முற்றம் அழகுக்காக மட்டும் அமைந்தால் பயனில்லை. காற்றை இயக்கும் உறுப்பாகவும் அது இருக்க வேண்டும். இனி அமையும் ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் இதே உரைகல் பொருந்தும்.

மத்திய கலாசார அமைச்சகம் அருங்காட்சியகங்களுக்கு நிதியுதவி அளிக்கிறது. அந்த உதவிக்கு ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். கட்டுமானச் செலவு, 30 ஆண்டு மின் செலவு, இரண்டிலும் சேர்ந்த கரியமில வாயு ஆகிய மூன்று எண்களையும் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் தர வேண்டும் என்பதே அது. எந்த அறைக்கு இயந்திரம் வேண்டும், ஏன் வேண்டும் என்பதற்கு அங்கே வைக்கப்போகும் பொருளை முன்வைத்து விளக்கம் கேட்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை எழுத முன்வருவது யார் என்பதே இனி கவனிக்க வேண்டியது.